கடலின் நேரசூசியை எவ்வளவு நம்பலாம்?

பாடசாலைக்கு நேரசூசி உண்டு. புகையிரதத்துக்கும் பேருந்துக்கும் நேரசூசி உண்டு. கடலுக்கும் ஒரு நேரசூசி உண்டென்பதை இங்கிலாந்தின் கரையோர நகரங்களில் வாழும் நம் பிள்ளைகள் நன்கு அறிவர். பாய்வள்ளக் கழகங்களின் அறிவித்தற் பலகையில் அது ஒட்டப்பட்டிருக்கும். இன்ன நாளில், இன்ன நேரத்தில், கடல் இவ்வளவு உயரத்துக்கு ஏறும், இன்ன நேரத்தில் இவ்வளவுக்கு வற்றும் என்று நிமிடக் கணக்கில் முற்கூட்டியே அச்சிடப்பட்ட அட்டவணை அது. புகையிரதம் பிந்துவதை இந்நாட்டில் வாழும் நாம் அடிக்கடி காண்கிறோம். கடலும் பிந்துமா? முந்துமா? அச்சிட்ட அந்த நிமிடத்தை எவ்வளவு தூரம் நம்பிப் படகை நீரில் இறக்கலாம்?

நம் பிள்ளைகளிற் பலர் பாடசாலை மூலமும் இளைஞர் கழகங்கள் மூலமும் சிறு பாய்வள்ளம் ஓட்டப் பயில்கின்றனர். பெற்றோராகிய நாம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆதலால் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பொதுவாக இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

முதலிற் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. நாம் கடல் சூழ்ந்த மண்ணிற் பிறந்தவர்கள். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்ததைப் பெருமையோடு சொல்லிக்கொள்பவர்கள். எனினும் யாழ்ப்பாணக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. முழங்காலளவு நீர் இடுப்பளவாகும், அவ்வளவே. பிரிஸ்டல் நகரை அடுத்த அவொன்மவுத்திலோ பெரும் பெருக்கு நாள்களில் அவ்வேறுபாடு சராசரியாக 12 மீற்றர். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் உயரத்துக்கு நீர் ஏறியிறங்குகின்றது. அதுவும் ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்தில். பருத்தித்துறையிற் பழகிய கண்ணைக் கொண்டு இக்கடலை அளக்கலாகாது.

அட்டவணை பிறக்கும் விதம்

வற்றுப்பெருக்குக்குக் காரணம் சந்திரனின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் ஆகும். இவற்றுட் சந்திரனே முதன்மையானது. சூரியனின் பங்கு சந்திரனின் பங்கில் அரைவாசிக்குச் சற்றுக் குறைவானது. சந்திரன் நம் தலைக்கு மேலே ஒருமுறை வந்து மீண்டும் அவ்விடத்துக்கு வர 24 மணித்தியாலமும் 50 நிமிடமும் ஆகின்றது. அதற்குள் பிரித்தானியக் கரைகளிற் பெரும்பாலானவற்றிற் கடல் இருமுறை ஏறி இருமுறை வற்றுகின்றது. எனவே ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே ஏறத்தாழ 12 மணித்தியாலமும் 25 நிமிடமும் கழிகின்றன.

அமாவாசையிலும் பறுவத்திலும் சூரியன், சந்திரன், பூமி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைகின்றன. அப்போது இரண்டின் ஈர்ப்பும் ஒன்றுசேர்வதால் நீர் மிக உயர ஏறி மிகத் தாழ வற்றும். இதனை உவாப்பெருக்கு என்போம். அட்டமியை ஒட்டிய நாள்களில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக இழுப்பதால் ஏற்றமும் வற்றும் சிறுத்துவிடும். இதனைக் குறைப்பெருக்கு என்போம். பிரித்தானியக் கரைகளில் உவாப்பெருக்கின் உச்சம் அமாவாசை அல்லது பறுவம் கழிந்து ஓரிரு நாள்களின் பின்னரே வந்து சேரும்.

இவ்வொழுங்கை மனிதர் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டுகொண்டனர். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சென்ற் அல்பன்ஸ் மடாலயச் சுவடி ஒன்றில், இலண்டன் பாலத்திற் பெருக்கு வரும் நேரம் நாளொன்றுக்கு 48 நிமிடம் பிந்துவதாகக் கணக்கிட்டு ஓர் அட்டவணை எழுதப்பட்டுள்ளது. லிவர்பூல் துறைமுகத்தின் பொறுப்பாளராயிருந்த வில்லியம் ஹச்சின்சன் என்பவர் 1764 முதல் 1793 வரை அங்கு பெருக்கின் நேரத்தையும் உயரத்தையும் குறித்துவந்தார். நியூற்றன் 1687இல் தமது ஈர்ப்புக் கொள்கையைக் கொண்டு வற்றுப்பெருக்கின் காரணத்தை விளக்கினார். ஆனால் காரணம் தெரிந்தமையால் மட்டும் ஒரு துறைமுகத்தின் நேரத்தைச் சொல்லிவிட முடியவில்லை. கடலடியின் ஆழம், கரையின் வளைவு, நீரிணையின் ஒடுக்கம் ஆகியன ஒவ்வோரிடத்திலும் பெருக்கை வெவ்வேறு விதமாக மாற்றிவிடுகின்றன.

இதற்கு வழி கண்டவர்களுள் முதன்மையானவர், பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தொம்சன். ஒரு கச்சேரியிற் பல வாத்தியங்கள் ஒருங்கே ஒலித்தாலும், தேர்ந்த செவி மிருதங்கத்தையும் கடத்தையும் கஞ்சிராவையும் பிரித்தறியும் அன்றோ? அதுபோல ஒரு துறைமுகத்தின் நீர்மட்டத்தை நெடுநாள் அளந்து, அதனைப் பல சீரான அசைவுகளாகப் பிரித்துவிடலாம். சந்திரனால் வரும் அசைவுக்கு 12 மணித்தியாலம் 25 நிமிடம். சூரியனால் வரும் அசைவுக்குச் சரியாக 12 மணித்தியாலம். சந்திரன் பூமியை அணுகி விலகுவதால் வருவது வேறொன்று. இவ்வாறு பல கூறுகள். ஒவ்வொரு கூறும் அத்துறைமுகத்தில் எவ்வளவு பெரியது, எவ்வளவு பிந்துகின்றது என்பதை ஒருமுறை அறிந்துவிட்டால், அவற்றை மீண்டும் கூட்டி வருங்காலத்தின் நீர்மட்டத்தைக் கணிக்கலாம். இக்கூட்டலைச் செய்வதற்கு 1872இல் அவர் கப்பிகளும் சில்லுகளும் கொண்ட ஒரு பொறியை உருவாக்கினார். இன்று அவ்வேலையைக் கணினி செய்கின்றது. முறை அடிப்படையில் அதுவே.

மாணவர்கள் இம்முறையின் உண்மையைத் தாமே சோதித்தறியலாம். போட்ஸ்மத் துறைமுகத்தின் அட்டவணையை எடுத்து உவாப்பெருக்கு நாள்களை மட்டும் பாருங்கள். உயர்நீர் எப்போதும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே வரும். சந்திரனின் அசைவு சூரியனின் அசைவோடு ஒன்றுசேரும் நாளே உவா நாள். சூரியனின் அசைவு 12 மணித்தியாலக் கணக்குத் தவறாதது. ஆகவே ஒரு துறைமுகத்தின் உவாப்பெருக்கு எப்போதும் ஏறத்தாழ ஒரே மணிக்கு வந்தேயாக வேண்டும்.

சந்திரனுக்குத் தெரிந்ததும் காற்றுக்குத் தெரிந்ததும்

மேலே கூறியவற்றில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கணக்கில் இடம்பெற்றவை சந்திரன், சூரியன், கடலின் வடிவம் ஆகியவையே. இவை தம் ஒழுங்கு மாறாதவை. ஆதலால் அட்டவணையை எவ்வளவு முற்கூட்டியும் கணிக்கலாம். வருகின்ற ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமையில் எத்திசைக் காற்று வீசும் என்பது அக்கணக்கில் இல்லை, இருக்கவும் முடியாது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வரலாறு ஒருமுறை தெளிவாகக் காட்டிற்று. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கத் திட்டமிட்டன. கரையெங்கும் ஜேர்மன் படையினர் தடைகளை நட்டிருந்தனர். நீர் வற்றியிருக்கும்போது வந்தால் தடைகள் கண்ணுக்குத் தெரியும். பின்னர் ஏறிவரும் நீர் தரைதட்டிய படகுகளை மிதக்கச் செய்யும். எனவே தாழ்நீர் கழிந்த சிறிது நேரத்தில் இறங்குதல் வேண்டும். 1943 ஒக்டோபரில் லிவர்பூலை அடுத்த பிட்ஸ்ரன் ஆய்வகத்தில் பணிபுரிந்த ஆதர் டூட்சன் என்னும் அறிஞருக்கு, பெயர் கூறப்படாத ஓரிடத்தின் விவரங்கள் இரகசியமாக அனுப்பப்பட்டன. கெல்வினின் வழிவந்த இரு பொறிகளைக் கொண்டு அவர் அவ்விடத்து வற்றுப்பெருக்கைப் பல மாதங்களுக்கு முன்னரே கணித்துக் கொடுத்தார். ஒவ்வொரு கரைக்கும் இறங்கும் நேரம் தனித்தனியே குறிக்கப்பட்டது.

கடலின் கணக்கு அவ்வளவு முன்பே ஆயத்தமாயிற்று. காற்றின் கணக்கோ கடைசி நாள்வரை ஆயத்தமாகவில்லை. 1944 யூன் 5ஆம் நாள் நடைபெறவிருந்த இறக்கம், வானிலை சீர்கெட்டமையால் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது. யூன் 6ஆம் நாள் இறங்கியபோதும், 'கோல்ட்' எனப் பெயரிடப்பட்ட கரையிற் காற்றினால் உந்தப்பட்ட நீர் எதிர்பார்த்ததிலும் விரைவாக ஏறித் தடைகளை மூடிற்று. டூட்சனின் கணக்கிற் குறையில்லை. அக்கணக்கு சொல்லவந்தது சந்திரனையும் சூரியனையும் பற்றியே.

காற்றைப் போலவே வளிமண்டல அமுக்கமும் கடலை அசைக்கின்றது. அமுக்கம் ஒரு மில்லிபார் குறைந்தால் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரும். கூடினால் அவ்வளவு தாழும். சராசரி அமுக்கம் 1013 மில்லிபார். மாரிகாலத் தாழமுக்கம் ஒன்றில் அது 980க்கு இறங்குமாயின், காற்று வீசாவிட்டாலுங்கூடக் கடல் 33 சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்கும். கோடையில் வானம் தெளிந்து அமுக்கம் 1033க்கு ஏறுமாயின் கடல் 20 சென்ரிமீற்றர் தாழ்ந்து நிற்கும். பாய்வள்ளத்தில் உல்லாசமாகச் செல்வோர் விரும்புவது இத்தகைய தெளிந்த நாளையே. நீர் குறைவாயிருக்கும் நாளும் அதுவே என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

பலத்த காற்றும் தாழமுக்கமும் ஒன்றுசேரின் விளைவு பெரிது. 1953 ஜனவரி 31ஆம் நாள் இரவு வடகடலில் வீசிய புயல், அட்டவணை கூறிய உயரத்துக்கு மேல் 2 மீற்றருக்கும் அதிகமாக நீரை உயர்த்தியது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேரும் ஒல்லாந்தில் 1,836 பேரும் மாண்டனர். இலண்டனைக் காக்கும் தேம்ஸ் தடுப்பணை அந்தப் பேரழிவின் பின்னர் எழுந்த சிந்தனையிற் பிறந்து, 1984இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. காற்று எதிர்த்திசையில் வீசினால் நீர் குறைந்துபோவதும் உண்டு. கடுங்காற்று, நீரின் உயரத்தை மாற்றுவதோடு உயர்நீர் வரும் நேரத்தையும் முந்தவோ பிந்தவோ செய்யும். மிகக் கடுமையான நிலையில் அது ஒரு மணித்தியாலம் வரையும் செல்லலாம்.

உயரத்தின் பிழை நேரத்தின் பிழையாகும் விதம்

அமைதியான வானிலையில், நன்கு அளக்கப்பட்ட பெருந்துறைமுகம் ஒன்றின் அட்டவணை மிக நம்பத்தக்கது. நேரம் பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள்ளும், உயரம் பத்து இருபது சென்ரிமீற்றருக்குள்ளும் பொருந்திவரும். இது போதாதா என்று கேட்பீர்கள். எதற்குப் போதும் என்பதே எதிர்வினா.

உயர்நீர் வரும் நிமிடம் படகோட்டிக்கு அவ்வளவு முக்கியமன்று. உயர்நீரை அண்மிக்கும்போது கடல் மிக மெதுவாக அசையும். 4 மீற்றர் ஏறும் ஓரிடத்தில், உயர்நீருக்கு முந்திய கால் மணித்தியாலத்தில் நீர் ஏறுவது ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் மட்டுமே. அந்த நிமிடம் பத்து நிமிடம் தவறினாலும் படகுக்குத் தீங்கில்லை. படகோட்டியின் கேள்வி வேறு: இம்மணல்மேட்டைக் கடக்கப் போதிய நீர் எத்தனை மணிக்கு வரும்?

இதனைக் கணிக்க மாலுமிகள் கையாளும் எளிய விதி ஒன்று உண்டு. ஏற்றம் முழுவதையும் பன்னிரண்டு பங்காக்குக. முதல் மணித்தியாலத்தில் 1 பங்கும், இரண்டாவதில் 2 பங்கும், மூன்றாவதில் 3 பங்கும், நான்காவதில் 3 பங்கும், ஐந்தாவதில் 2 பங்கும், ஆறாவதில் 1 பங்கும் நீர் ஏறும்.

ஒரு கணக்குச் செய்துபார்ப்போம். எசெக்ஸ் கரையில் ஓர் ஆற்றுவாய் என்று வைத்துக்கொள்வோம். தாழ்நீர் 1 மீற்றர், உயர்நீர் 4 மீற்றர். ஏற்றம் 3 மீற்றர். ஒரு பங்கு 25 சென்ரிமீற்றர். ஆற்றுவாயிற் கடல்வரைபடம் காட்டும் ஆழம் 0.6 மீற்றர். படகின் அடிப்பாகம் 1.5 மீற்றர் நீருக்குள் அமிழ்ந்திருக்கும். அதற்கு அடியில் 0.5 மீற்றர் நீர் பாதுகாப்புக்காக இருக்கவேண்டும். ஆகத் தேவையான ஆழம் 2 மீற்றர். வரைபடத்தின் 0.6ஐக் கழித்தால், வற்றுப்பெருக்கின் உயரம் 1.4 மீற்றரை எட்டவேண்டும். முதல் மணித்தியால முடிவில் உயரம் 1.25, இரண்டாவதன் முடிவில் 1.75. எனவே தாழ்நீர் கழிந்து 1 மணித்தியாலம் 18 நிமிடத்திற் படகு உள்ளே செல்லலாம்.

இனி, அன்று அமுக்கம் 1033 மில்லிபார் என்க. கடல் 20 சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்கும். இப்போது அட்டவணைக் கணக்கில் 1.6 மீற்றர் வரும்வரை காத்திருக்கவேண்டும். அது தாழ்நீர் கழிந்து 1 மணித்தியாலம் 42 நிமிடத்திலேயே வரும். உயரத்தில் ஒரு சாணளவு குறைந்தது, நேரத்தில் 24 நிமிடப் பிந்தலாயிற்று.

ஏற்றம் குறைந்த இடத்தில் இப்பிழை இன்னும் பெருகும். ஏற்றம் 1.2 மீற்றர் மட்டுமே உள்ள ஓரிடத்தில், இரண்டாம் மணித்தியாலத்தில் நீர் ஏறுவது 20 சென்ரிமீற்றர். அங்கு அதே 20 சென்ரிமீற்றர்க் குறைவு ஒரு முழு மணித்தியாலப் பிந்தலாகும். சிறிய பெருக்கு, ஆகவே ஆபத்தும் சிறிது என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். அட்டவணையில் உயரம் ஒரு மீற்றரின் பத்திலொரு பங்குக்குச் சரியாகவும், நேரம் நிமிடத்துக்குச் சரியாகவும் அச்சிடப்பட்டிருப்பது கணக்கின் நுட்பத்தைக் காட்டுகின்றது. அன்றைய கடலும் அதே நுட்பத்தோடு நடக்கும் என்பது அதற்குப் பொருளன்று.

இடம் மாறினால் கணக்கும் மாறும்

அட்டவணையில் நாள்தோறும் நேரம் தரப்படும் துறைமுகங்களை நியமத் துறைமுகங்கள் என்பர். அவற்றில் ஆண்டுக்கணக்காக நீர்மட்டம் அளக்கப்பட்டுள்ளது. அவற்றுக்கு இடையிலுள்ள சிறு துறைகளுக்கு, நியமத் துறைமுகத்தின் நேரத்தோடு இத்தனை நிமிடம் கூட்டுக அல்லது கழிக்க என்று வேறுபாடு மட்டுமே தரப்படும். அவ்வேறுபாடுகளிற் சில குறுகிய கால அளவீட்டிலிருந்து பெறப்பட்டவை. ஆகையால் சிறு துறையின் கணிப்பு, பெருந்துறையின் கணிப்பைப் போல உறுதியானதன்று. நம் பிள்ளைகள் படகு பயிலும் சிறு குடாக்களிற் பல இவ்வகையினவே.

மேற்கூறிய பன்னிரண்டு பங்கு விதியும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வைட் தீவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலுள்ள சோலன்ற் நீரிணை இதற்குத் தக்க சான்று. சவுதாம்ரனில் நீர் ஏறத் தொடங்கிச் சிறிது நேரத்திற் களைத்ததுபோல் நிற்கும், மீண்டும் ஏறும், உச்சத்தை அடைந்தபின் இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக வற்றாமல் நிற்கும், சில நாள்களில் இரு உச்சங்கள் தோன்றும், அதன்பின் நான்கு மணித்தியாலத்துக்குள் விரைந்து வற்றிவிடும். இங்கே உயர்நீரின் நேரம் எதுவென்று சொல்வதே கடினம். தாழ்நீரே தெளிவானது. ஆதலால் இப்பகுதிக்குரிய வளைகோடுகள் தாழ்நீரை அடிப்படையாகக் கொண்டு வரையப்பட்டுள்ளன.

அதே நீரிணையின் நடுவே 'பிறாம்பிள்' எனப்படும் மணல்மேடு உண்டு. ஆண்டில் மிகத் தாழ்ந்த வற்று நாள்களில் அது சிறிது நேரம் வெளியே தலைகாட்டும். அவ்வேளை பார்த்து, இரு பாய்வள்ளக் கழகத்தினர் ஆண்டுதோறும் படகுகளிற் சென்று கடல் நடுவே கிரிக்கெற் ஆடுவது வழக்கம். அட்டவணையைப் பார்த்து நாள் குறிப்பர். ஆயினும் சில ஆண்டுகளிற் கணுக்காலளவு நீரிலேயே ஆட நேர்ந்ததுண்டு. விளையாட்டில் அது வேடிக்கை. மாபெரும் பயணிகள் கப்பலாகிய 'குயின் எலிசபெத் 2' 2008 நவம்பர் 11ஆம் நாள் இம்மணல்மேட்டுக்கு அருகே தரைதட்டியது என்பதையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

இன்னுமொன்று: நீர்மட்டம் உச்சத்தை அடையும் நேரமும், நீரோட்டம் திசை திரும்பும் நேரமும் ஒன்றல்ல. பல இடங்களில் அவை மணிக்கணக்கில் வேறுபடும். நீரோட்டத்துக்கெனத் தனி வரைபடங்கள் உள்ளன. உயர்நீர் நேரத்தை வைத்து நீரோட்டத்தை ஊகிப்பது தவறு.

மணிக்கூட்டின் பிழை

கடலும் காற்றும் செய்யும் பிழைகளை இதுவரை கண்டோம். மனிதர் செய்யும் பிழை இவற்றினும் பெரியது. முழுதாக ஒரு மணித்தியாலம்.

பிரித்தானியாவில் அச்சிடப்படும் அட்டவணைகள் பல, ஆண்டு முழுவதும் கிறீனிச் நேரத்திலேயே தரப்படுகின்றன. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை நம் கைக்கடிகாரம் கோடைகால நேரத்தைக் காட்டுவதால், அட்டவணை நேரத்தோடு ஒரு மணித்தியாலம் கூட்டவேண்டும். பாய்வள்ளம் ஓட்டும் பருவமும் அதுவே. ஆனால் வேறு சில அட்டவணைகளிலும் கைத்தொலைபேசிச் செயலிகளிலும் இந்த ஒரு மணித்தியாலம் முன்னரே கூட்டப்பட்டிருக்கும். அதனை அறியாது மீண்டும் கூட்டுவோர் உண்டு. கூட்டவேண்டியதைக் கூட்டாது விடுவோரும் உண்டு. அட்டவணையின் தலைப்பிலோ அடியிலோ எந்த நேரம் என்பது சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கும். நேரத்தைப் படிப்பதற்கு முன் அந்தச் சிறிய எழுத்தைப் படித்தல் வேண்டும்.

செயலிகளைப் பற்றி மற்றொன்று. ஒரே துறைமுகத்துக்கு இரு செயலிகள் வெவ்வேறு நேரம் காட்டுவதைக் காணலாம். எல்லாச் செயலிகளும் ஒரே தரவுகளைக் கொண்டு கணிப்பதில்லை. பிரித்தானியக் கடற்படை நீரளவைத் துறையின் கணிப்பை அடிப்படையாகக் கொண்டதா என்பதைப் பார்த்துத் தெரிவு செய்க.

படகு இல்லாதோர்க்கும்

படகுப் பக்கமே போகாதவர்க்கு இவை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். 2016 ஓகஸ்ட் 24ஆம் நாள், இலண்டனிலிருந்து கம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்குச் சென்ற ஐந்து தமிழ் இளைஞர்கள் நீரில் மூழ்கி மாண்டனர். அச்செய்தி கேட்டு நம் வீடுகள் யாவும் துயருற்றன. அக்கடற்கரை மிகத் தட்டையானது. நீர் வற்றும்போது கடல் வெகுதூரம் பின்வாங்கும், மணற்றிட்டுகள் வெளிப்படும். ஏறும்போது நீர் திட்டுகளின் பின்புறத்துத் தாழ்வுகளை முதலில் நிரப்பும். கடலை நோக்கி நிற்பவருக்கு முன்னே அலை தொலைவிற் தெரியும். முதுகுப்புறத்தே ஆழம் கூடியிருக்கும். இத்தகைய கரைக்குச் செல்லும் குடும்பம், உணவுப் பொதியைக் கட்டுமுன் தாழ்நீர் எத்தனை மணிக்கு என்று பார்ப்பது இன்றியமையாதது. தாழ்நீர் கழிந்ததும் கரைக்குத் திரும்பத் தொடங்குவது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தலும் வேண்டும்.

நம்பும் முறை

ஆக, அட்டவணையை நம்பலாமா? நம்பலாம். அது எதனைக் கணித்ததோ அதனை நம்பலாம். சந்திரனும் சூரியனும் கடலை எப்போது, எவ்வளவு அசைக்கும் என்பதை அது மிகச் செம்மையாகச் சொல்கின்றது. மிகுதியை நாமே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

அதற்கு வழிகள் உள்ளன. புறப்படுமுன் அமுக்கம் எவ்வளவென்று பாருங்கள். 1013இலிருந்து எத்தனை மில்லிபார் வேறுபடுகின்றதோ அத்தனை சென்ரிமீற்றரை உயரத்திற் கூட்டவோ கழிக்கவோ செய்யுங்கள். காற்று எத்திசையில், எத்தனை நாளாக வீசுகின்றது என்று கேளுங்கள். பிரித்தானியக் கரையோரத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட நீர்மட்டமானிகள் இடைவிடாது கடலை அளந்துவருகின்றன. அவற்றின் அளவீடுகளை இணையத்திற் காணலாம். சென்ற உயர்நீர் அட்டவணையிலும் எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பதை அறிந்தால், அடுத்ததைப் பற்றி ஒரு மதிப்பீடு கிடைக்கும். மணல்மேட்டைக் கடப்பதாயின் நீர் ஏறும்போது கடவுங்கள். ஏறும் நீரில் தரைதட்டிய படகு சிறிது நேரத்தில் தானே மிதக்கும். வற்றும் நீரில் தட்டிய படகு அடுத்த பெருக்குவரை அங்கேயே கிடக்கும். உவாப்பெருக்கின் உச்சத்திற் தட்டினால், அடுத்து வரும் பெருக்குகள் நாளுக்கு நாள் குறைந்துசெல்வதால் பல நாள்கள் கிடக்கவும் கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கின் விடையோடு ஒரு மிகுதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1.4 மீற்றர் தேவையெனின் 1.4 வரும் நிமிடத்திற் புறப்பட வேண்டாம். அரை மணித்தியாலம் காத்திருப்பவன் இழப்பது அரை மணித்தியாலத்தை மட்டுமே.

கணிதம் படித்து என்ன பயன் என்று வகுப்பில் என்னிடம் கேட்கும் மாணவர்களுக்கு ஒரு சிறு பயிற்சியைத் தருகின்றேன். ஒரு வாரத்துக்கு, உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள துறைமுகத்தின் அட்டவணை நேரத்தையும் உயரத்தையும் ஒரு நிரலில் எழுதுங்கள். நீர்மட்டமானி காட்டிய உண்மை உயரத்தை அடுத்த நிரலில் எழுதுங்கள். அன்றைய அமுக்கத்தையும் காற்றின் திசையையும் மூன்றாம் நிரலில் எழுதுங்கள். இரண்டு நிரல்களுக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்றாம் நிரலில் இருப்பதைக் காண்பீர்கள். பெற்றோர்களும் பிள்ளைகளோடு கூடியிருந்து இதனைச் செய்யலாம். அந்த மூன்று நிரல்களையும் ஒருங்கே படிக்கப் பழகிய பிள்ளையைக் கடலுக்கு அனுப்ப எந்தத் தாயும் அதிகம் அஞ்சவேண்டியதில்லை.

நம் பிள்ளைகள் கடலை அறிந்து சென்று, நலமே கரை திரும்புவார்களாக.